மன்னாரின் முற்றத்தில் யாருடைய மேடை?

2025 ஓகஸ்ட் மாதத்திலிருந்து மன்னார் என்ற பெயர் செய்திகளில் அடிபட்டதெல்லாம் காற்றாலைக்காகவும் கனிய மணலுக்காகவும்தான். மன்னார் நகரில் தொடங்கிய போராட்டம், வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்ன ஜனாதிபதியின் அறிவிப்பு, செப்டெம்பர் இறுதியில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்தவர்கள் மீது பொலிஸார் காட்டிய பலம், அதைக் கண்டித்து நடந்த ஹர்த்தால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுக்கு நடுவே, யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. சமகாலக் கலை விழா ஒன்றை மன்னாரின் கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே அது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கலை நிகழ்வுகளைச் செய்தியாக்கப் போகும்போது, நிகழ்வு முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும் நேரத்தில் யாராவது ஒருவர் இதைத் தொடங்கிவைப்பார். கொழும்பில் 2013இலிருந்து 'கொலம்போஸ்கோப்' இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு 2011இல் இசை விழா வந்தது, 2015இலிருந்து சர்வதேச திரைப்பட விழா நடக்கிறது. அடுத்தது மன்னார்தானே என்பது அவர்களுடைய கணக்கு. அதே 2015இல் தலைமன்னாருக்கு ரயிலும் திரும்பி வந்துவிட்டது. கடல் இருக்கிறது, பள்ளிமுனையில் பெருக்கு மரம் இருக்கிறது, தெருவில் கழுதைகள் நிற்கின்றன, அரிப்பில் இடிந்துகொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டை இருக்கிறது. இதைவிட வேறென்ன காட்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்தப் பட்டியலில் ஒருமுறையாவது ஒரு கூத்தின் பெயரோ ஓர் அண்ணாவியாரின் பெயரோ வந்து நான் கேட்டதில்லை.

எனக்கு இந்த யோசனையில் எதிர்ப்பு இல்லை. 'கொண்டுபோவது' என்ற வினைச்சொல்லில்தான் தயக்கம். நிவாரணத்தைக் கொண்டுபோனார்கள். விழிப்புணர்வைக் கொண்டுபோனார்கள். அபிவிருத்தியைக் கொண்டுவந்தார்கள், காற்றாலையையும் கொண்டுவந்தார்கள். போருக்குப் பிந்திய வடக்கின் கிராமங்கள் இந்த வினைச்சொல்லின் மறுமுனையிலேயே நின்று பழகிவிட்டன. கலை விழாவும் அதே லொறியில் வந்து இறங்கினால் கிராமத்துக்கு அது இன்னொரு செயற்றிட்டம். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, சிற்றுண்டிப் பொதி, குழுப் புகைப்படம். எப்போது, எங்கே, எதைப் பற்றி என்பதைக் கிராமம் தீர்மானிக்க முடியுமானால், வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு முடியுமானால், அப்படியொரு மேடை மன்னாருக்கு இன்றைக்கு மிகவும் தேவை. அந்த 'முடியுமானால்' எவ்வளவு பாரமானது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் பெரிய கதையை இரண்டு இரவுகள் ஆடினால் அது 'நாடகம்'. சுருக்கி ஒரே இரவில் முடித்தால் 'வாசாப்பு'. மெட்டும் அளிக்கும் முறையும் இரண்டு வழி. யாழ்ப்பாணப் பாங்கு எனப்படும் வடபாங்கு ஒன்று, மாதோட்டப் பாங்கு எனப்படும் தென்பாங்கு மற்றது. எந்தப் பாங்கு உயர்ந்தது என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுவிடாதீர்கள், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ஞானசவுந்தரி, மூவிராசாக்கள், என்றிக் எம்பரதோர், புனிதர்கள், வேதசாட்சிகள் என ஐரோப்பாவிலிருந்து கடல்வழி வந்த கதைகள், தமிழ் விருத்தத்திலும் தருவிலும் பேசப் பழகிக்கொண்டன. 'பாரம்பரியக் கலை' என்று நாங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் பார்ப்பது, வந்த காலத்தில் புத்தம் புதியதாக இருந்திருக்கிறது. அந்நியமான கதையைத் தன் மெட்டுக்குள் இழுத்து எடுப்பதில் மன்னாருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

நினைவை வைத்திருப்பதிலும் அப்படித்தான். 1544இல் சங்கிலி மன்னனின் படையினால் மன்னாரில் கொல்லப்பட்ட கத்தோலிக்கர்களுக்காகத் தோட்டவெளியில் இன்றைக்கும் மக்கள் கூடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளாக ஒரு படுகொலையை மறக்காத மாவட்டத்துக்கு, நினைவுகூரலைக் கலையாக்குவது எப்படி என்று பயிற்சிப் பட்டறை வைப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இந்தக் கூத்துகளைத் தாங்கி நின்றது ஓர் ஏற்பாடு. அண்ணாவியார் ஒருவர், மாதக்கணக்கில் இரவு ஒத்திகை, கோயில் சபையின் சம்மதம், வீட்டுக்கு வீடு சேர்த்த காசு, பிடிமீனில் ஒரு பங்கு, உடுப்புக் கட்டத் தெரிந்தவர், கொட்டகை போடத் தெரிந்தவர், நேர்த்தி வைத்திருந்த குடும்பம். கலை முகாமைத்துவம் என்று பல்கலைக்கழகத்தில் நான் ஒரு பாடம் எடுத்தேன். அதில் வரும் குழு, நிதி, பார்வையாளர் என்ற எல்லாத் தலைப்பும் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. பார்வையாளரைத் 'திரட்ட' வேண்டிய தேவை மட்டும் அங்கே இருக்கவில்லை. பாயோடு வந்து இடம் பிடித்தார்கள்.

போர் உடைத்தது இந்த ஏற்பாட்டைத்தான். இரவுக் கூத்துக்கு முதலில் இரவு வேண்டும். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் கடல் தடையும் இரவை எடுத்துக்கொண்டன. கையெழுத்துக் கொப்பிகள் இடப்பெயர்வில் தொலைந்தன. பாட்டை நெஞ்சில் வைத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர் வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள், எல்லோரும் திரும்பவில்லை. கோயில் முற்றம்கூடப் பாதுகாப்பாக இருக்கவில்லை. 2006 ஜூன் 17 அன்று பேசாலை வெற்றி மாதா ஆலயத்தில் தஞ்சம் அடைந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டதை அந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. ஒரு விழாக்காரர் 'திறந்தவெளி அரங்கு' என்று குறித்துக்கொள்ளும் வெளி, ஊராருக்கு வேறொன்றாகவும் இருக்கும்.

கலையைக் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே நகர்த்துவது எங்களுக்குப் புதிதல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடியும்வரை ஆடிய கூத்து ஓரிரு மணித்தியாலங்களுக்குள் அடங்கியது. 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவை அப்படி உருவானவை. மன்னாரின் 'என்றிக் எம்பரதோர்', 'மூவிராசர்' நாடகங்களை அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். அது பெரிய வேலை, சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பாதை பெரும்பாலும் ஒருவழிப் பாதை. நகரத்துக்குக் கூத்து கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு கிடைத்தது. கிராமத்துக்கு, தன் கூத்து சுருக்கப்பட்டால்தான் மதிக்கப்படும் என்ற செய்தி கிடைத்தது.

மறுதிசையிலும் போயிருக்கிறார்கள். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊராக ஆடினார்கள். அன்றைய யாழ்ப்பாணத்தில் அதைவிடச் சமகாலமான கலை வேறு இருந்திருக்க முடியாது. வடிவம் புதிது, பார்த்தவர்களில் பலருக்கு நவீன நாடகமே புதிது. இருந்தும் அது போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் மேடையில் நின்றது பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டுப் பிரச்சினை. 'கிராமத்து மக்களுக்கு நவீன கலை புரியாது' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நாடகம்தான் நினைவுக்கு வரும். விளங்காமல் போவது வடிவம் புதிது என்பதால் அல்ல, தங்களைப் பற்றி ஒன்றும் அதில் இல்லை என்பதால்.

இன்னும் நெருக்கமான உதாரணம் மட்டக்களப்பின் சீலாமுனை. சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் அங்கே செய்த 'கூத்து மீளுருவாக்கம்' கூத்தை ஊரைவிட்டு வெளியே எடுக்கவில்லை. பெண் பாத்திரங்கள் எப்படிப் பேசுகின்றன, சாதியைப் பற்றி வரிகள் என்ன சொல்கின்றன, எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று ஊரிலேயே, ஆடுகிறவர்களோடும் பார்க்கிறவர்களோடும் விவாதித்தார்கள். வேலை மெதுவாக நடந்தது. விழா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை, சுவரொட்டியில் போட ஒரு சர்வதேசப் பெயரும் இல்லை. எனது பார்வையில் இந்தத் தீவில் நடந்த சமகாலக் கலை வேலைகளில் முக்கியமானவற்றில் அதுவும் ஒன்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இன்னொன்று நடந்தது. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் நண்பர்களும் ஊர் மக்களும் சேர்ந்து சென்னை பெசன்ட் நகரை ஒட்டியுள்ள மீனவக் குடியிருப்பில் 'ஊரூர் ஆல்காட் குப்பம் விழா'வைத் தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில், அனுமதி இலவசம். கச்சேரிச் சபாக்களின் சென்னைக்கு அது ஓர் அதிர்ச்சி. உயர்சாதிக் கலையைக் குப்பத்துக்கு இறக்கிவைக்கும் வேலை என்ற விமர்சனமும் கூடவே வந்தது. எனக்கு அந்த விழாவில் பிடித்தது இசையைவிட, அது யாரை நடக்கவைத்தது என்பதுதான். பக்கத்துத் தெருவில் பல வருடம் வாழ்ந்தும் குப்பத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்கள் முதன்முறையாக உள்ளே வந்தார்கள். அதாவது அந்த விழா திருத்த முயன்றது மீனவர்களை அல்ல, சபா ரசிகர்களை. மன்னாருக்கு வரும் விழாவிடமும் நாங்கள் இதைக் கேட்கலாம். இது யாரை மாற்றுவதற்கு வருகிறது? கொழும்பிலிருந்து வருகிறவரையா, விடத்தல்தீவில் இருக்கிறவரையா?

கலை விழாவைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது பற்றிப் பேசும் எல்லோரும் கடைசியில் ஜப்பானுக்குத்தான் போவார்கள். அங்கே நீகாட்டா மாகாணத்தின் எச்சிகோ-த்சுமாரி என்ற மலைப் பிரதேசத்தில், சுமார் 760 சதுர கிலோமீற்றர் பரப்பில் சிதறிக்கிடக்கும் கிராமங்களில், 2000ஆம் ஆண்டிலிருந்து மூன்று வருடங்களுக்கு ஒருமுறை சமகாலக் கலை விழா நடக்கிறது. இளைஞர்கள் நகரத்துக்குப் போக, முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர்கள் அவை. கைவிடப்பட்ட வீடுகளும் மூடப்பட்ட பள்ளிக்கூடங்களும் கலைக்கூடங்களாயின. ஆரம்பத்தில் ஊர்மக்கள் எதிர்த்தார்கள் என்பதை அந்த விழாவின் இயக்குனர் ஃபிராம் கிதகாவா மறைப்பதில்லை. ஒவ்வொரு கிராமமாகப் போய், வருடக்கணக்கில் பேசித்தான் இணக்கம் பெற்றார்கள். அந்தப் பொறுமை இங்கே வருகிறவர்களுக்கும் வேண்டும்.

ஆனால் காலி வீடு என்ற விசயத்தில் ஜப்பானைப் பின்பற்ற முடியாது. அங்கே வீடு காலியானது முதுமையால். மன்னாரில் காலி வீட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கும், ஒரு கோப்பு இருக்கும், சிலவேளை ஒரு முகாம் இருக்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் முசலியின் கிராமங்களும் வெறுமையாயின. அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் இரண்டு தசாப்தங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள், திரும்பி வந்தவர்களின் காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பின்னர் அந்த ஊர் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகமானது. 2017இல் மக்கள் தொடர்ந்து போராடிய பிறகு ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்பட்டது. இடிந்த சுவரொன்று வெளிச்சத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக அதற்குள் ஒரு நிறுவற்கலையை வைத்தால், சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது என்ன நினைப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதையே ஒரு கலைஞர் சரியாகச் செய்து காட்டியும் இருக்கிறார். தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் வரைந்த 80 வீடுகள் 2011இல் முடிவுறாத தோம்பு என்று பொருள்படும் தலைப்பில் புத்தகமாயின. தோம்பு என்பது காலனித்துவக் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கப் பதிவேட்டில் இல்லாததைக் கலைப் புத்தகம் பதிந்துகொண்டது. அதற்கு முன்பே, 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த 'அகம் புறம்' கண்காட்சியில் வீடு வீடாகச் சேர்த்த அன்றாடப் பொருட்களை அவர் வைத்திருந்தார். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்குள் சனங்கள் தங்கள் வீட்டுப் பொருட்களைக் காட்சிப்பொருளாகப் பார்த்தார்கள். முள்ளிக்குளத்தவரும் எருக்கலம்பிட்டியாரும் ஒரே மண்டபத்தில், தாங்களே வரைந்த தரைப்படங்களோடு உட்காரும் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. காகிதமும் பென்சிலும், இரண்டு சமூகமும் நம்பும் நாலு பேரும் போதும். அந்த நாலு பேரைத் தேடுவதுதான் கடினமான வேலை.

இனிப் பேச்சுச் சுதந்திரத்துக்கு வருவோம். இந்த நாட்டில் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். சில வருடங்களுக்கு முன் குறும்படத் திரையிடல் ஒன்றுக்காக நண்பர்களோடு வடக்கில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஒலி அளவு பற்றி யாரும் கேட்கவில்லை. படத்தில் என்ன இருக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, யார் யார் பேசுவார்கள் என்று மட்டும் கேட்டார்கள். திரையிடல் அன்று பின்வரிசையில் தெரியாத இருவர் வந்து உட்கார்ந்தார்கள். படம் முடிந்ததும் வழக்கமாக நடக்கும் கலந்துரையாடலில் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொழும்பில் கலைஞர்கள் சுயதணிக்கை பற்றிக் கருத்தரங்கு வைக்கிறார்கள், இங்கே பின்வரிசையைப் பார்த்தாலே போதும்.

மன்னார் நகரின் வாயிலிலேயே, 2018இல் சதொச கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் முன்னூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை அறிக்கை, எலும்பு மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் அந்தப் பதிலோடு சமாதானமாகவில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வன்னியில் 146,679 பேருக்குக் கணக்கில்லை என்று சொன்ன மறைமாவட்டம் இது. இங்கே நடக்கும் கலை விழாவில் இந்த இலக்கம் ஒரு படைப்பிலும் வராது என்றால் அது எந்த மன்னாரில் நடக்கிறது? வரும் என்றால், விழாக்காரர்கள் விமானம் ஏறிய பிறகு விசாரணைக்கு அழைக்கப்படுகிறவர் யார்? மண்டபத்தைத் திறந்துகொடுத்த பங்குத்தந்தையும், கதிரை அடுக்கிய பெடியனும்தான். வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, ஊரோடு முன்கூட்டியே பேசி, ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

காற்றாலைக்கும் இங்கே இடம் இருக்கிறது. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். வெள்ளம் வடிவதில்லை, மீன் கரைக்கு வருவதில்லை என்று ஊரார் அன்றிலிருந்து சொல்லிவருகிறார்கள். அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தன் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டாலும் வேறு திட்டங்கள் நிற்கவில்லை. கனிய மணல் மீது கண்வைத்த நிறுவனமும் இருக்கிறது. இப்படியான வேளையில் கலை விழாவுக்குப் பணம் தர முன்வருகிறவர்கள் யார் என்பது சாதாரண கேள்வி அல்ல. சுற்றுலாவுக்காகவோ நற்பெயருக்காகவோ வரும் பணம், விழாவின் பதாகையில் ஒரு மூலையில் சின்னமாகத் தெரியும். எதிர்ப்பவர்களின் கண்ணுக்கு அந்த மூலைதான் பெரிதாகப் படும்.

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடல் தீவுகளில் 2010இல் தொடங்கிய செத்தோஉச்சி விழாவை இங்கே பலர் முன்மாதிரியாகச் சொல்வார்கள். அந்தத் தீவுகளில் ஒன்று தெஷிமா. கைத்தொழிற் கழிவுகள் சட்டவிரோதமாகக் குவிக்கப்பட்டு நாசமான தீவு அது. மக்கள் தசாப்தக்கணக்கில் போராடி, 2000ஆம் ஆண்டில் மாகாண நிர்வாகத்தோடு உடன்பாடு கண்டு, கழிவை அகற்றவைத்தார்கள். கலை அதன்பிறகு வந்தது. இந்த வரிசையைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுகிறவர்கள் எங்களை ஏமாற்றுகிறார்கள். மன்னாரில் உடன்பாடு இன்னும் வரவில்லை. போராட்டத்துக்கு நடுவே வரும் கலை இரண்டில் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும். 2017இல் சென்னை எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் மேட்டில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் அப்படி ஒரு பக்கம் நின்றது. ராகம் கர்நாடகம், மொழி சென்னைத் தமிழ், விசயம் அனல்மின் நிலையக் கழிவு. எண்ணூர் மீனவர்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்ததை, அதுவரை காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் அந்தப் பாட்டுக்குப் பிறகு கேட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால் கூத்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். கூத்து மேடையில் பெண் வேடத்தையும் ஆண்தான் கட்டினார். யார் ராசா வேடம் கட்டலாம், யார் மேடை அருகே எங்கே உட்காரலாம் என்பதில் சாதி இருந்தது, இருக்கிறது. கோயிலைச் சுற்றி வளர்ந்த கலை, கோயிலுக்கு வெளியே இருப்பவரைத் தானாக உள்ளே அழைக்காது. 1990இல் அயலவர் வெளியேற்றப்பட்டதைப் பற்றி எந்த வாசாப்பும் பாடவில்லை. கணவனையோ பிள்ளையையோ தேடிப் பதாகையோடு தெருவில் நிற்கும் பெண்கள் இன்று மன்னாரில் பகிரங்கமாகத் துக்கம் பேசத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பழைய மேடையில் இடமில்லை. புதிய கலை வரவேண்டியது இந்த வெற்றிடத்துக்குத்தான். பிள்ளைகளிடம் கைத்தொலைபேசி இருக்கிறது, ஒரு நிமிடக் காணொளியில் கதை சொல்ல எங்களைவிட அவர்களுக்கு நன்றாக வரும். ஒரு பெண் எழுதி, பெண்களே ஆடும் வாசாப்பு ஒன்று மன்னாரில் வந்தால் ஊரில் சண்டை நடக்கும். நடக்கட்டும். அது ஊருக்குள் நடக்கும் சண்டை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். மன்னார்க் கூத்துக் கலைஞர்கள் வெளியூர் விழாக்களுக்கு அழைக்கப்படும்போது கிடைப்பது பெரும்பாலும் இருபது நிமிடம், பஸ் செலவு, சாப்பாடு, ஒரு சான்றிதழ், ஒரு பொன்னாடை. வயதான கலைஞர் ஒருவர் தன் அலமாரியைத் திறந்து மடித்து வைத்திருந்த பொன்னாடைகளை எனக்குக் காட்டினார். பிள்ளை, இதில் ஒன்றையாவது வலை பொத்தப் பாவிக்க முடியுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதே விழாவில் வெளிநாட்டுக் கலைஞருக்கு விமானச் சீட்டும் விடுதியும் கௌரவ ஊதியமும் இருக்கும். அண்ணாவியார் மூன்று மாதம் இரவிரவாகப் பழக்குகிறார் என்றால் அது மூன்று மாத வேலை, அதற்கு மூன்று மாதச் சம்பளம். இதை வரவுசெலவுத் திட்டத்தின் முதல் வரியில் போடாத விழாவை நம்ப எனக்குக் காரணமில்லை.

கடைசியாக, திகதி. கொழும்பில் விழாத் திகதி குறிப்பவர்கள் மழையையும் விமானச் சீட்டு விலையையும் பார்ப்பார்கள். மன்னாரில் பார்க்க வேண்டியவை வேறு. தவக்காலத்தில் கொண்டாட்டம் இல்லை, பாஸ்காவுக்கான ஆயத்தம்தான் இருக்கும். நோன்பு மாதத்து இரவுகள் முஸ்லிம் கிராமங்களில் வேறுவிதமானவை. சிவராத்திரிக்கு ஊர்கள் திருக்கேதீஸ்வரத்துக்குப் போகும். ஜூலையிலும் ஓகஸ்டிலும் மடுத் திருவிழாக்கள். அதற்கு மேல் கடல். வாடை வீசும்போது வடகடலில் இறங்க முடியாது, சோழகம் பெயர்ந்தால் தென்கடல் கொந்தளிக்கும், அதற்கேற்ப வாடிகளை மாற்றிக்கொண்டு குடும்பங்களும் நகரும். தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் இங்கே வலை பயமில்லாமல் இறங்கும். கடன் அடைக்கும் காலம் அது, அப்போது எந்தப் பட்டறைக்கும் ஆள் வராது.

மற்ற மாதங்களில் கிழமையில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, இந்திய இழுவைப் படகுகள் கடலுக்கு வரும் நாட்கள். இலங்கை 2017இலேயே இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது, ஆனாலும் அந்தப் படகுகள் நிற்கவில்லை. வலை அறுந்துபோகும் என்பதால் எங்கள் ஆட்களில் பலர் அந்த இரவுகளில் கடலுக்குப் போவதில்லை. விழா பற்றிப் பேச உண்மையாகவே விருப்பமுள்ளவர்கள், திட்ட முன்மொழிவு எழுதுவதற்கு முன்பு, ஒரு கூத்து ஒத்திகையில் போய் உட்காரட்டும். போவதென்றால் இந்த மூன்று இரவுகளில் போகட்டும். அன்றைக்குத்தான் ஆட்கள் கரையில் இருப்பார்கள்.